தோற்பதற்கும் ஒரு தேர்தல் வேண்டும்

கோலாலம்பூர் - தலைநகரின் டத்தோ பண்டாரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற விவாதம் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. எழும்போதெல்லாம் எந்த இனம் வெல்லும், எந்தக் கட்சி வெல்லும் என்ற கணக்கே முன்னே நிற்கிறது. தோற்பவர்களுக்கும் தேர்தலால் பயன் உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. அதற்கு இந்நகரின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தின் 12 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு ம.இ.கா. துணை நின்றது. அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களை வென்றன. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 2.

இந்தியத் தலைமைக்கு அது பெரிய அடி. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்தது. 1954இல் ம.இ.கா. கூட்டணியில் சேர்ந்தது. மறு ஆண்டு பொதுத் தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. ம.இ.கா.வின் முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், நகராண்மைக் கழகத் தோல்வி நாடாளும் அரசியலுக்கு முன்கூட்டியே பாடம் சொன்னது.

அந்தப் பள்ளிக்கூடம் பிறகு மூடப்பட்டது. 1961இல் தலைநகர் நியமன ஆணையரின் கைக்குப் போனது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்தலாம் என்று செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தது. பினாங்கு மாநிலம் சொந்தச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் அரசாங்கம் நகராண்மைக் கழகம்தான். அடைத்த சாக்கடை, அங்காடிக் கடை உரிமம், கோயில் நிலத் தகராறு என எதற்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அங்கு அமர்ந்திருக்கும் உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. அவர் வேலை செய்யாவிட்டால் வரி கட்டும் குடியிருப்பாளர் அவரை மாற்ற முடியாது. அவரும் மக்களிடம் தோற்று எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

தேர்தல் வந்தால் நகரங்களில் இனப் பிளவு கூடும் என்ற அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. சிதறி வாழும் இந்தியர்கள் எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை பெறாமல் போகலாம். ஆகவே வட்டார எல்லைகள் எப்படி வரையப்படும், சிறுபான்மைக்கு இடம் எப்படி உறுதி செய்யப்படும் என்பவற்றை இப்போதே கேட்பது நம் அமைப்புகளின் கடமை.

வாக்குச் சீட்டு உள்ள இடத்தில் இன்று தோற்றவர் மறுமுறை வீடு வீடாக வந்து குறை கேட்பார். நியமனம் உள்ள இடத்தில் நாம்தான் அவர் வாசலுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.