மழையைக் கேளாதீர்கள், காற்றைக் கேளுங்கள்

காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது வெளிநாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்கு, அதைப்பற்றி நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நானோ இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையிலே பிறந்தவன். என் பாட்டனார் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கியே சங்கு குளித்தவர். எப்போது கடலில் இறங்குவது, எப்போது கரையில் குந்தியிருப்பது என்பதை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. புவியியல் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட அவருடைய பேரன் அதைப் படித்தும் கற்றுக்கொள்ளாமல் போனான். அந்த வெட்கத்தில் எழுதுவதே இந்தக் கட்டுரை.

என் சித்தப்பா வேலை நிமித்தம் திருகோணமலையில் இருக்கிறார். முதலாம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மே மாதம், நானும் சித்தப்பா மகனும் நிலாவெளிக்குச் சென்று, நான்கு நாள் பயிற்சி பெற்று, ஸ்கூபா என்னும் கருவியோடு கடலில் மூழ்கினோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு இருக்கின்றது. மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அன்று நான் கண்ட காட்சியை எழுதப் புகுந்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 10 மீட்டர் ஆழத்தில் மணலில் மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தபோது எங்கள் படகின் அடிப்பாகமும், அதன் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்த படகுக்காரரின் முகமும் தெரிந்தன. கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது போன்ற தெளிவு. கறுப்பு முனைச் செதில் கொண்ட குட்டிச் சுறாக்கள் எங்களைச் சற்றும் பொருட்படுத்தாமல் கடந்து போயின.

அந்த நினைவோடு மறு ஆண்டு டிசம்பர் விடுமுறையில் மீண்டும் போனோம். மே மாதத்தில் எங்களை அழைத்துச் சென்ற அதே முதியவரிடம்தான் முதலில் சென்றோம். அவர் படகைக் கரையில் வெகுதூரம் ஏற்றி, கவிழ்த்து வைத்துவிட்டு வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப ஏலாது தம்பி. வாடை தொடங்கிட்டுது. பங்குனியிலே வாங்கோ" என்றார்.

வானத்தைக் காட்டினோம். இரண்டு நாள் அடித்த மழை ஓய்ந்து, பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "மழையைச் சொல்லேல்லை, காத்தைச் சொல்றன்" என்று கூறிவிட்டு மறுபடி வலையில் குனிந்தார். கிழவருக்குச் சோம்பல் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் விழுகிறது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். "இலங்கையின் பருவக்காற்றுகளை விளக்குக" என்ற வினாவுக்கு நான் பத்து மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, இடையில் மார்ச்-ஏப்ரல், அக்டோபர்-நவம்பர் ஆகிய இரு இடைப்பருவங்கள். இவ்வளவையும் மனப்பாடமாக எழுதிய எனக்கு, இதன் பொருள் ஒரு கடற்கரையில் என்ன என்பது விளங்கவில்லை. பொருள் இதுதான்: இந்தத் தீவுக்கு மழைக்காலம் என்று ஒன்று இல்லை, இரண்டு இருக்கின்றன. அவை எதிரெதிர்க் கரைகளைத் தாக்குகின்றன. தென்மேற்குக் காற்று வீசும்போது ஹிக்கடுவை, கல்பிட்டி ஆகிய மேற்குக் கரைகள் கொந்தளிக்கும். நடுமலைகளுக்குப் பின்னால் ஒதுங்கிய திருகோணமலையும் மட்டக்களப்பும் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் வீசும் வறண்ட வெப்பக்காற்றைத்தான் அவ்வூர் மக்கள் கச்சான் என்கிறார்கள். வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மேற்குக் கரை தெளிகிறது, கிழக்குக் கரை கலங்குகிறது. மீனவக் குடும்பங்கள் பல, பருவத்துக்கேற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வாடி அமைத்துப் பிழைக்கப் போவதும் இதனால்தான்.

ஆகவே "ஆண்டு முழுவதும் மூழ்கலாம்" என்று விளம்பரத்தாள்களில் அச்சிடுகிறார்களே, அது முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. தீவு முழுமைக்கும் அது உண்மை. தீவின் எந்த ஒரு கரைக்கும் அது பொய். விடுதி முன்பணம் கட்டுகிறவன் தீவு முழுமைக்கும் கட்டுவதில்லை, ஒரு கரைக்குத்தான் கட்டுகிறான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் துன்பம் இருக்கிறது. நமக்கு உறவும் மொழியும் பழக்கமும் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. நமக்கு வசதியான விடுமுறையோ டிசம்பரிலும் பொங்கலிலும் வருகிறது. போக வேண்டாத மாதத்தில், போக வேண்டாத கரைக்குத்தான் நாம் போகிறோம். அதே டிசம்பரில் தென்மேற்கிலுள்ள ஹிக்கடுவைக்குப் போயிருந்தால் தெளிந்த நீர் கிடைத்திருக்கும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று கோலாகலமாகத் தொடங்கிய கப்பல் போக்குவரத்து, பருவமழையை முன்னிட்டு அதே மாதத்தில் நிறுத்தப்பட்டதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "இதுகூடத் தெரியாமலா தொடங்கினார்கள்?" என்று கேலி பேசியவன் நான். பிறர் கப்பலுக்குப் பொருந்தும் அறிவு நம் படகுக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது!

மழை கடலுக்குள் என்ன செய்துவிடும்? உண்மையில் மழைத்துளி ஒன்றும் செய்வதில்லை. மேலே கொட்டித் தீர்த்தாலும் கீழே இருப்பவனுக்கு அது தெரியாது; அவன் ஏற்கெனவே நனைந்தவன்தானே! நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே ஒரு மெல்லிய படலமாக மிதக்கும். இரண்டும் கலக்குமிடத்தில் எண்ணெய் பட்ட கண்ணாடி போலக் காட்சி மங்கும், அவ்வளவுதான். தீங்கு செய்வன வேறு இரண்டு. ஒன்று, ஆற்று நீர். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கங்கை கலக்குமிடம் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. மலைநாட்டிலும் சமவெளியிலும் பெய்த மழை அத்தனையும் சேற்றோடு அங்கே வந்து சேர்கிறது. மழை நின்ற பிறகும் வெள்ளம் நிற்பதில்லை. வெயில் அடிக்கும் நாளிலும் கடல் மண் நிறமாக இருக்கக் காரணம் அதுவே.

இரண்டாவது, காற்று எழுப்பும் அலை. இதைப் பலர் கடலின் மேற்பரப்பு விவகாரம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். 4 விநாடிக்கு ஒன்றாக வரும் சிற்றலையின் நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். அதன் ஆட்டம் 12 மீட்டரோடு முடிந்துவிடும். 8 விநாடிக்கு ஒன்றாக வரும் நெடிய அலையின் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர். அது 50 மீட்டர் ஆழம் வரை நீரை அசைக்கும். வங்காள விரிகுடாவின் நெடுந்தூரத்தைக் கடந்து வாடையோடு வருவது இந்த இரண்டாம் வகை. விநாடி இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்காவதைக் கவனியுங்கள். கரையில் நின்று அலையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுபவன், எண்ண வேண்டிய விநாடியை எண்ணாமல் விடுகிறான்.

முதியவர் மறுத்த பின்பு நாங்கள் வேறொருவரைத் தேடினோம். கிடைத்தார். கிடைக்காமல் இருப்பாரா? வாடைக்காலத்தில் அங்கே வருமானம் இல்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பணம் பேசினோம். அவரைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. அவரை அசைத்தது எங்கள் பணம்.

இறங்கிய மறுகணமே தெரிந்துவிட்டது. நீட்டிய என் கை மங்கலாகத் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. பச்சையும் பழுப்புமாக ஒரு வெறுமை. 8 மீட்டரில் பாறையருகே நீர் எங்களை ஊஞ்சல்போல அப்படியும் இப்படியும் இழுத்தது. பவளத்தில் மோதாமலிருக்கக் கையை ஊன்றினேன், கையுறை கிழிந்தது. திரும்பிப் பார்த்தேன், தம்பியைக் காணோம். ஒரு நிமிடம் தேடு, காணாவிட்டால் மேலே வா என்பது பயிற்சியில் சொல்லித் தந்த விதி. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை அவர்கள் சொல்லித் தரவில்லை.

மேலேறுவதும் எளிதாக இல்லை. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அலை என்னை ஏற்றியும் இறக்கியும் பந்தாடியது. மேற்பரப்பிலிருந்து முதல் 10 மீட்டருக்குள்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது. ஆகவே ஆழத்தில் அலைக்கழிவதைவிட மேலே அலைக்கழிவதே நுரையீரலுக்கு ஆபத்து. மூச்சை அடக்காதே, அடக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டனார் தொழிலில் மூச்சடக்குவதே உயிர்; இந்தத் தொழிலில் அதுவே எமன். தலையை நீட்டியபோது சுற்றிலும் நீர்மலைகள். படகு ஒரு கணம் தெரியும், மறுகணம் மறையும். தம்பி நூறு அடிக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்தான். படகு அவனருகே போய்ச் சேர்ந்தபோது, ஏறும் ஏணி அலையில் தூக்கி அவன் வாயில் அடித்தது. உதடு கிழிந்து நான்கு தையல். அதோடு போயிற்று. சித்தியின் முகத்தில் விழிக்க எனக்கு மூன்று நாளாயிற்று.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் மூழ்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. தேர்ச்சி பெற்றவர்கள், மறைவான துறைமுகப் பகுதிகளில், நாள் பார்த்து இறங்குகிறார்கள். நான் கேட்பது வேறு: "வேண்டாம்" என்று சொல்லும் படகுக்காரனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? போனால் கூலி, போகாவிட்டால் பட்டினி என்று வைத்துவிட்டு, அவன் வாயிலிருந்து உண்மையை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? முன்பணம் பெற்ற விடுதிகள் சில, கடல் சரியில்லை என்றாலும் பணத்தைத் திருப்புவதில்லை. பயணியோ கொடுத்த பணம் வீணாகிறதே என்று அவசரப்படுகிறான். இரண்டு நெருக்கடிக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டியவன் படகோட்டி. அவனுக்குப் பாதிக் கூலி, போகாத படகுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

"அப்படியானால் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்களே!" என்றான் தம்பி, தையல் பிரிப்பதற்கு முன்பே. போனால் முழுக் கூலி கிடைக்கும்போது நல்ல நாளில் பாதிக்கு ஆசைப்படுபவன் இருக்கமாட்டான் என்பது என் விடை. அவன் இன்னும் ஒப்பவில்லை. நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

காத்திருப்பது புதிதன்று. மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த 1900களின் தொடக்கத்திலும், இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் அமைதியையே தேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடியும் கடலை அவசரப்படுத்தவில்லை. தென்கிழக்கில், சிங்களத்தில் மகா இராவணன் கோட்டை என்று வழங்கும் பாறைத்திட்டருகே, 1961இல் ஆர்தர் கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் முகலாயர் காலத்து வெள்ளி நாணயங்களோடு ஒரு கப்பலின் சிதைவைக் கண்டார். ஆண்டில் சில வாரங்களே அணுகக்கூடிய இடம் அது. வெள்ளி கிடக்கிறது என்று தெரிந்தும், முறையாகத் தேட மீண்டும் போனது 1963இல். வெள்ளிக்காகவே அவர்களால் காத்திருக்க முடிந்தது. எங்களால் ஒரு விடுமுறைக்குக் காத்திருக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும், முதியவருக்குப் பாதிக் கூலியைச் சித்தப்பா மூலம் அனுப்பினேன். அவர் வாங்கவில்லை. "பங்குனியிலே வரேக்க கழிச்சுக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினாராம். பங்குனியில் எங்களுக்குப் பருவத் தேர்வு. சித்திரை பிறந்து போகலாம் என்று எழுதியிருக்கிறேன்; சித்தியின் அனுமதி இன்னும் வரவில்லை.