யாருக்குக் கண்ணீர்?

'அரங்கேற்றம்' (1973) லலிதா புரோகிதர் மகள். 'மகாநதி' (1994) பெண் வசதியான வீட்டுப் பிள்ளை. 'கங்குபாய் கதியவாடி' (2022) பாரிஸ்டர் மகள். விபச்சார விடுதியைக் காட்டி அழுவதற்குச் சினிமாவுக்கு ஒரு 'நல்ல குடும்பம்' தேவைப்படுகிறது. மகாநதியில், அந்த மகளை அனுப்பிவிடு, நஷ்டத்தை நாங்க உழைச்சுக் கட்டுறோம் என்று முன்வருகிறவர்கள் கல்கத்தா சோனாகாச்சிப் பெண்கள். மகளோடு கேமராவும் கிளம்பிவிடுகிறது. அங்கேயே நின்றவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்?

பெரம்பலூர் வெங்காயக் காட்டிலும் அரியலூர் முந்திரிக் காட்டிலும் கூலிக்குப் போன எங்க அம்மாவை ஆண்டைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விடுதி வாசலை மிதிக்காமலேயே அந்தப் பேரைச் சுமந்தவள் அவள். அதனால அந்தப் பொம்பளைங்க எனக்கு அந்நியமில்லை. அவர்களுக்கும் கண்ணியம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19-இல் சொல்லிவிட்டது. சினிமா எப்பய்யா சொல்லும்?