கேட்டால் 45 நாள், கேட்காவிட்டால் 77

"ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் நாடு எப்போது முன்னேறும்?" தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டுக்கொண்டிருந்த இந்தக் கேள்விக்கு, 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையால் அரசாங்க முத்திரையே குத்திவிட்டது. அணுக் கனிமங்களுக்கும் 'முக்கியக் கனிமங்கள்' என்று பட்டியலிடப்பட்டவற்றுக்கும் சுரங்கம் தோண்ட இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம். குத்தகைப் பரப்பு எவ்வளவாக இருந்தாலும் பரிசீலனை டெல்லியில்தான்.

தாமதம்தான் முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் படித்தால் இந்த வாதம் அங்கேயே உதிர்ந்துவிடும். நிறுவனம் விண்ணப்பித்த 45 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தி முடிக்க வேண்டும். அதில் 30 நாள் மக்களுக்கான முன்னறிவிப்பு. கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகைகூடத் தேவையில்லை. வந்தவர்கள் எல்லோரும் எதிர்த்தாலும் திட்டம் நின்றுவிடாது. பேசியது பதிவாகி மேலே போகும், அவ்வளவுதான். தடுக்கும் அதிகாரமே இல்லாத ஒரு கூட்டத்தின் மேல் இத்தனை பழி!

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை மதுரைக்குப் பக்கத்திலுள்ள மேலூர்க்காரர்களிடம் கேளுங்கள். 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 7 அன்று மேலூர் பகுதியின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. ஊருக்கு அதன் பிறகுதான் விஷயமே தெரிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. கேட்டிருந்தால் 45 நாள். கேட்காததால் 77 நாளும் வீண், ஏலமும் வீண். (மாநில அரசு முன்பே உறுதியாக எதிர்க்கவில்லை என்று டெல்லி சொன்னது, கடிதம் எழுதினோம் என்று சென்னை சொன்னது. இரண்டு பேருமே ஊரைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.)

அடுத்த வாதம், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது. அந்த ஏல வரைபடத்தில் அரிட்டாபட்டியும் இருந்தது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் சிற்பம், தமிழி கல்வெட்டு, பாறை இடுக்குகளில் வல்லூறுகள், மலையடிவாரத்தில் கண்மாய்கள் என்று உள்ள ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசிதழிலேயே அறிவிக்கப்பட்ட இடம். மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக் கோடு போட்டவர்களுக்கு அது வெறும் 2,000 ஹெக்டேர் தொகுதியின் ஒரு மூலை. எந்தக் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று அங்கே ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரிப்பதோ, நிறுவனமே காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். அதில் விட்டுப்போனதை எடுத்துச் சொல்ல ஊருக்கு இருந்த ஒரே மேடை அந்தக் கூட்டம்தான்.

நாட்டின் பாதுகாப்பு? யுரேனியம் என்றால் வாதிக்கலாம். ஆனால் 24 கனிமங்களின் பட்டியலில் பாஸ்பேட்டும் பொட்டாஷும் இருக்கின்றன. வயலுக்குப் போடும் உரத்தின் மூலப்பொருள் எப்படி ராணுவ ரகசியமானது? யுரேனியமே ஆனாலும், எந்த ஊரில் தோண்டப்போகிறார்கள் என்பதை யாரிடமிருந்து மறைப்பது?

உள்ளூர்க்காரர்கள் எதையும் எதிர்ப்பார்கள் என்ற கடைசி வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நிலமும் தண்ணீரும் போகிறவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. புதிய குறிப்பாணைப்படி பார்த்தால், அணுக் கனிமமான மோனசைட்டுக்காகத் தோண்டும் இடத்தில் அந்தக் கூட்டத்தை நடத்தும் கட்டாயமே இல்லை. இது நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டம் அல்ல. ஓர் அமைச்சகத்தின் குறிப்பாணை. இன்னொரு குறிப்பாணையால் திரும்பப் பெற்றுவிடலாம். அதைத்தான் செய்ய வேண்டும்.