மைதீன் என்னும் பட்டம்

ரேஷன் அட்டையில் முகைதீன், பள்ளிச் சான்றிதழில் மொய்தீன், வாக்காளர் பட்டியலில் மைதீன். மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாடு பாஸ்போர்ட் எடுக்கும்போது வந்து சேரும். எழுத்தரை மட்டும் திட்டிப் பயனில்லை. எழுத்தில் அலைவதற்கு முன்பே பொருளிலும் தகுதியிலும் நெடுந்தூரம் அலைந்த பெயர் இது.

அரபியில் முஹ்யித்தீன். முஹ்யீ என்றால் உயிர் கொடுப்பவர், தீன் என்றால் மார்க்கம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஆயுளைக் குறிக்கும் 'ஹயாத்'தும் இதே வேரில் முளைத்த சொல்தான்.

முதலில் இது பெயரே அல்ல, பட்டம். 10ஆம் நூற்றாண்டில், பாக்தாதைப் படைபலத்தால் பிடித்த புவைஹிகளுக்கு அப்பாசியக் கலீபா 'தவ்லா' (அரசு) என முடியும் பட்டங்களைக் கொடுத்தார். கையில் ஆட்சி இல்லாதவரிடம் கொடுக்க வேறென்ன இருக்கும்? 'தீன்' என முடியும் பட்டங்கள் அதன் பிறகு பெருகின. பட்டங்கள் மலிந்துபோனதைக் குறைபட்டு செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் தம் அரசியல் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய இயற்பெயர் ஹசன். நாம் அறிந்திருப்பது பட்டத்தை மட்டும்தான். ஜெருசலேமை மீட்ட சலாஹுத்தீனுக்கும் வீட்டில் வைத்த பெயர் யூசுப்.

முஹ்யித்தீன் என்னும் பட்டம் அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்ததற்குக் காரணம், 1166இல் பாக்தாதில் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வெறுங்காலோடு ஊர் திரும்பும் வழியில், நிறம் வெளிறி மெலிந்து கிடந்த நோயாளி ஒருவர் தம்மைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாராம். உட்காரவைத்ததும் அந்த உடல் தேறிப் பொலிந்தது. தாமே மார்க்கம் என்றும், நலிந்து கிடந்த தமக்கு இவரால் உயிர் வந்தது என்றும் சொன்னாராம் அவர். ஜீலானி பள்ளிவாசலை நெருங்கியபோது எதிர்ப்பட்ட ஒருவர், காலணியை முன்னால் வைத்து 'முஹ்யித்தீன்' என்று அழைத்தார். சரித்திரச் சான்றாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கலீபாவின் முத்திரை இல்லாமல், வழிப்போக்கர் வாயால் கிடைத்த பட்டமாக மக்கள் அதை நினைவில் வைத்தார்களே, அதுதான் கவனிக்க வேண்டியது.

ஜீலானியின் பெயரால் அமைந்த காதிரிய்யா தரீக்கா என்னும் சூஃபி நெறி பரவிய இடமெல்லாம் பெயரும் போயிற்று. கோழிக்கோட்டு காழி முகம்மது, ஜீலானிமீது 'முஹ்யித்தீன் மாலை'யை 1607இல் அரபு மலையாளத்தில் பாடினார். தமிழகத்தில் ஜீலானி, முகைதீன் ஆண்டவர். இயற்பெயரையும் பட்டத்தையும் சேர்த்து முகைதீன் அப்துல் காதர் என்று பிள்ளைக்கு வைப்பவர்கள் உண்டு.

மைதீனைச் சிதைவு என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தமிழ் நாக்கு ஹகரத்தை விழுங்கித் தனக்குத் தோதாகச் செய்துகொண்ட சொல் அது. அரபு இலக்கணத்தில் அந்தப் பட்டம் ஆண்பால். திருநெல்வேலிப் பக்கமோ மைதீன் பீவிகளும் மைதீன் பாத்திமாக்களும் நிறைய இருக்கிறார்கள்.