பாவம், அந்த குழாய்ச் செடி!

குட்டீஸ்... 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வீடியோ கேம் விளையாடியிருக்கிறீர்களா? ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், 1985ல் வெளியிட்டது. முதல் கட்டம் வெட்டவெளியில் நடக்கும். அதை முடித்ததும், குழாய்க்குள் புகுந்து பாதாள உலகத்துக்குப் போய் விடுவார் மரியோ. கும்மிருட்டு, சுற்றிலும் செங்கல் சுவர். அங்கே தான் முதன்முதலாக, குழாயிலிருந்து தலையை நீட்டுகிறது, 'பிரானா' செடி!

பிரானா என்பது, தென் அமெரிக்க ஆறுகளில் வாழும், கூரிய பற்கள் உள்ள மீன். ஜப்பானில் இந்தச் செடிக்கு, 'பக்குன் ஃபிளவர்' என்று பெயர். நாம், 'லபக்' என்று விழுங்குவதாகச் சொல்வோமே... அது மாதிரி, 'பக்குன்' என்பது அவர்கள் ஊர் சத்தம்!

தொட்டால் மரியோ காலி. மேலே குதித்து மிதிக்கவும் முடியாது. அதனால் எல்லாரும் இதை வில்லன் என்கின்றனர். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்!

ஏன் தெரியுமா? மற்ற எதிரிகள் நம்மைத் தேடி வருவர், சுத்தியலை வீசுவர். இந்தச் செடி, குழாயை விட்டு ஓரடி நகராது. அது மட்டுமா? குழாயை ஒட்டி மரியோ நின்றால், உள்ளே இருக்கும் செடி வெளியிலேயே வராது! அவர் நகரும் வரை காத்திருக்கும். இவ்வளவு மரியாதை தெரிந்த வில்லன் உண்டா? அதன் வீட்டு வாசலில் ஏறிக் குதிப்பது, நம்ம ஆள் தானே!

ஒரு விளையாட்டுச் செடிக்கு இவ்வளவு வக்காலத்தா என்று சிரிக்காதீர்கள். இதே ஜாடையில் நிஜமாகவே ஒரு செடி இருக்கிறது. அது தான், 'வீனஸ் ஃபிளைட்ராப்!'

அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்கள் தான் அதன் சொந்த ஊர். அங்குள்ள சதுப்பு மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அதை ஈடுகட்டத் தான் பூச்சி பிடிக்கிறது. இலையின் உட்புறம் மெல்லிய முடிகள் இருக்கும். ஒரு முறை பட்டால் சும்மா இருக்கும். சுமார் 20 நொடிக்குள் மறுபடியும் பட்டால், 'டப்' என்று மூடும். மழைத்துளி விழுந்ததற்கெல்லாம் மூடி ஏமாறக் கூடாதே! மனிதனை ஒன்றும் செய்யாது.

மனிதர்கள் தான் அதை விடுவதில்லை. விற்பதற்காகக் காட்டிலிருந்து திருடுகின்றனர். வட கரோலினாவில், 2014ல் சட்டத்தைக் கடுமையாக்கி, இதைப் பெருங்குற்றமாகவே அறிவித்து விட்டனர்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது... மூடுவதை வேடிக்கை பார்க்க, விரலாலும், குச்சியாலும் சீண்டுவர். ஒவ்வொரு இலையும், சில தடவை தான் மூடித் திறக்கும். பிறகு கருகி விடும். இரை கிடைக்காமல் மூடினால், செலவழித்த சக்தியெல்லாம் வீண்!

எங்காவது இந்தச் செடியைப் பார்த்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரசியுங்கள். சீண்டியே தீர வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது, மரியோவின் பாதாள உலகம்!