டெக் டிப்ஸ்: சிப் செத்துப்போச்சா?

புராஜெக்ட் சமர்ப்பிக்க இன்னும் இரண்டே நாள். யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரில் ஏடிமெகா328பி சிப்பை மாட்டினால், ‘சிப் பதில் தரவில்லை’ என்கிறது கணினி. அவசரப்பட்டு அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!

முதலில் ஒயர்கள். மோசி, மிசோ, எஸ்சிகே, ரீசெட், விசிசி, கிரவுண்டு என 6 இணைப்புகளையும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஏவிசிசி பின்னுக்கும், இரண்டாவது கிரவுண்டு பின்னுக்கும் இணைப்பு கொடுக்கப் பலர் மறந்துவிடுவார்கள்.

அடுத்து வேகம். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். புரோகிராமரின் வேகம் அதில் கால் பங்குக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். ஏவிஆர்டியூட் கட்டளையில் மைனஸ் கேபிடல் பி, 10 என்று சேர்த்தால் வேகம் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் இறங்கும். அப்படியும் மசியவில்லையா? புரோகிராமரிலுள்ள ஸ்லோ கிளாக் ஜம்பரைப் போடுங்கள்.

ஏற்கெனவே பயன்படுத்திய சிப் என்றால், அதன் ஃபியூஸ் செட்டிங் வெளி கிரிஸ்டலை எதிர்பார்க்கலாம். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் இரண்டு 22 பிகோஃபாரட் கெபாசிட்டர்களையும் இணைத்தால், ‘செத்த’ சிப் பேச ஆரம்பிக்கும். ஃபியூஸில் ரீசெட் பின்னையே முடக்கியிருந்தால் மட்டும், 12 வோல்ட் கொடுக்கும் ஹை வோல்டேஜ் புரோகிராமர் தேவை.

திரையில் 1இ 95 0எஃப் என்ற சிக்னேச்சர் தெரிகிறதா? சிப் பிழைத்தது, புராஜெக்ட்டும்தான்!