பங்கீடும் பிணைப்பும்

தமிழ்த்துறை மலரில் வேதியியலா என எம்மை வினவுவோர் இருக்கலாம். சொல்லாராய்ச்சி எத்துறைக்கும் உரியதே என்போம்.

நம் மாவட்டத்து நார்த்தாமலைக் கருங்கல்லில் மின்னும் குவார்ட்சில், ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்துள்ளது. எலக்ட்ரான் இணை இரண்டு அணுக்களுக்கும் பொது எனும் கருத்தை 1916ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ் வெளியிட்டார்.

இதனைத் தமிழகப் பாடநூல்கள் 'சகப்பிணைப்பு' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'பங்கீட்டு வலுப்பிணைப்பு' என்பர். எது சிறந்தது? 'சக' என்பது உடனிருத்தலைச் சொல்லுமேயன்றிப் பகிர்தலைச் சொல்லாது. 'பங்கீடு' பகிர்தலைச் சொல்லும். ஆயின், உடன்பிறந்தார் நிலத்தைப் பங்கிட்டாற்போல் ஆளுக்கொன்றாய்ப் பிரித்தலையும் நினைவூட்டும். அணுக்களோ பிரித்துக்கொள்வதில்லை. இரு தெருவாரும் கூடி வெட்டிய ஊருணியின் நீர் முழுதும் இரு தெருவார்க்கும் உரியதாதல் போன்றது அது.

எனவே, எச்சொல்லை ஆளினும் விளக்கம் இன்றியமையாதது. விளக்கமின்றி மனனம் செய்யும் தமிழ்வழி மாணவர் தேர்வில் வெல்வர்; வேதியியலை இழப்பர். இக்குறை நீங்க, வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து கலைச்சொற்களை ஆராய்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. பகிர்வதால் எத்துறையும் குறைவதில்லை. அணுக்களே அதற்குச் சான்று.